காட்டுக்கோயில் தரை

இங்கிலாந்தின் நாரிச் நகரத்தில் சர்ச்சுக்குப் பஞ்சம் இல்லை. பழைய மதிலின் எல்லைக்குள் மட்டும் நடுக்காலத்துச் சர்ச்சுகள் 31 நிற்கின்றன. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே ஒரே ஊரில் இத்தனை வேறெங்கும் கிடையாது என்று இங்குள்ளவர்கள் சொல்லிக்கொள்வார்கள். சிக்கிமுக்கிக் கல்லைப் பிளந்து, பிளந்த முகம் வெளியே தெரியும்படி பதித்த சுவர்கள். மழை நனைத்தால் கறுப்பாக மினுங்கும். நான் வேலைக்கு நடந்து போகிற வழியிலேயே நாலைந்து இருக்கின்றன. ஒன்று இப்போது பொம்மலாட்ட அரங்கம். ஒன்றில் பழம்பொருள் விற்கிறார்கள். ஒன்றில் இரவில் பாட்டுக் கச்சேரி. பூசை நடப்பவை கொஞ்சமே. மிச்சத்தில் பலவற்றை 1973 முதல் ஓர் அறக்கட்டளை பழுது பார்த்துக் காப்பாற்றி வருகிறது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

எனக்குத்தான் ஒட்டவில்லை.

கல்லின் வயதைப் பார்த்தால் எங்கள் மயிலாப்பூரைவிட இந்த ஊர்தான் மூத்தது. சந்தைத் திடலுக்கு மேலே நிற்கிற புனித பீட்டர் மேன்கிராஃப்ட் சர்ச்சை 1430-ல் தொடங்கி 1455-ல் முடித்தார்கள். அதன் மரக்கூரையை அண்ணாந்து பார்த்தபடி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம். கிழக்குச் சன்னலில் 15-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி. அதன் எதிரே உட்கார்ந்துகொண்டு நான் நினைப்பது மயிலாப்பூர் லஸ் கோயிலை. எங்கள் வீட்டில் அதற்குக் காட்டுக்கோயில் என்றுதான் பேர். காடு போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது, பேர் மட்டும் நிற்கிறது. அங்கே உள்ள கல்வெட்டு 1516 என்கிறது. பிரான்சிஸ்கன் துறவி ஒருவர் கட்டினார் என்கிறது. கட்டடம் அதைவிடக் கொஞ்சம் பிந்தியது என்று வாதாடுகிற ஆய்வாளர்களும் உண்டு. எப்படிக் கழித்துப் பார்த்தாலும், 1639-ல் பிறந்த மதராஸ் பட்டணத்துக்கு அது மூத்தது.

இங்கே யாரிடமாவது பேச்சுவாக்கில் சென்னை, பழைய சர்ச் என்று வந்தால், கோட்டைக்குள் ஒன்று இருக்கிறதே என்பார்கள். 1680-ல் மந்திரித்த புனித மேரி ஆலயம், ராபர்ட் கிளைவுக்குக் கல்யாணம் நடந்த இடம். அவர்கள் கணக்கில் எங்கள் ஊர் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நான் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். நம் வீட்டுப் பாட்டிக்குத்தான் வயது அதிகம் என்று எதிர்வீட்டுக்காரரிடம் போய்ச் சண்டை பிடிப்போமா?

ஊரை விட்டுத் தூரமாக வந்தவர்களுக்குத் தெரியும், முதலில் மனம் தேடுவது பெரிய விஷயங்களை அல்ல. எனக்கு முதலில் இல்லாமல் போனது ஒரு தரை.

காட்டுக்கோயிலுக்குள் பழைய கல்லறைப் பலகைகள் உண்டு. போர்ச்சுகீசியரும் அவர்கள் வழிவந்தவர்களும் அடியில் கிடக்கிறார்கள். என் பாட்டி, எங்கள் ஆயா, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடும். என்னையும் கழற்றச் சொல்லும். அதற்குக் கோயில் என்றால் செருப்பு வெளியே, அவ்வளவுதான். பூசை நீண்டு பிரசங்கம் இழுக்கும்போது நான் பெருவிரலால் அந்த எழுத்துகளைத் தடவிக்கொண்டிருப்பேன். ஒரு வளைவு, ஒரு கொக்கி, பாதி தேய்ந்த ஒரு எண். என்ன மொழி என்று தெரியாது, யார் என்று தெரியாது. கல் மட்டும் தெரியும். அக்னி நட்சத்திர வெயிலில், வெளியே தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற நாளில், தடித்த சுவர்களுக்குள் வந்து அந்தக் கல்லில் பாதம் பட்டதும் குளிர்ச்சி கணுக்கால் வரை ஏறி, முழங்கால் வரை ஏறி, அப்புறம் முகத்தில் வேர்வை அடங்கி, கண் பழகி, பீடத்தின் பொன்முலாம் ஒவ்வொரு கொடியாக, ஒவ்வொரு இலையாக இருட்டிலிருந்து வெளியே வரும்.

நாரிச்சிலும் தரையில் கல்லறைக் கற்கள் இருக்கின்றன. கறுத்த பலகைகள், எழுத்துக் கூர்மையாகவே இருக்கிறது, பெயர்களைக் கூடப் படித்துவிடலாம். நான் பூட்ஸ் காலோடு அவற்றின் மேல் நடக்கிறேன். கழற்றினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். குளிர்தான் விடாது.

மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே மணியடிப்பது பெரிய கலை. மேன்கிராஃப்ட் கோபுரத்தில் 1715 மே 2-ஆம் தேதி, ஒரு வரிசை இன்னொரு முறை வராதபடி, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்களைச் சில பேர் கயிறு பிடித்து இடைவிடாமல் அடித்தார்கள். உலகத்திலேயே அப்படி முழுதாக அடித்து முடித்த முதல் சாதனை என்று பலகை வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் அடிக்கிறார்கள். ராகம் கிடையாது, மணிகளின் வரிசையை மாற்றி மாற்றிப் போடுகிற கணக்கு அது. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்பேன். கேட்டுவிட்டுச் சாத்திவிடுவேன்.

அங்கே மணி யாருக்கும் சாதனை இல்லை. எங்கள் சந்து கச்சேரி ரோட்டில். கிழக்கே போனால் சாந்தோம், மேற்கே போனால் லஸ். காலை, நடுப்பகல், மாலை என்று மூன்று வேளையும் திரிகால மணி அடிக்கும். சாந்தோம் பெரிய மணி முந்திக்கொள்ளும், காற்று கடல் பக்கமிருந்து வீசினால் இன்னும் நெருங்கிக் கேட்கும். நடுப்பகல் மணிக்குக் கொஞ்சம் முன்னோ பின்னோ கபாலி கோயிலில் உச்சிகால மணி. அதற்கப்புறம் கச்சேரி ரோட்டுப் பள்ளிவாசலில் பாங்கு. பால்காரர், பேப்பர்காரர், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள், எல்லாருக்கும் இந்த மூன்றும்தான் கடிகாரம். எதிர்வீட்டு மாமி சாந்தோம் மணி கேட்டதும் குக்கரை இறக்குவார். எங்கள் ஆயா பாங்கு கேட்டதும் மாத்திரை போட்டுக்கொள்ளும். யாரும் யாருக்கும் நேரம் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பெரிய வியாழன் இரவு மணி நின்றுவிடும். பாஸ்கா இரவு வரை அடிக்காது. மரக்கட்டையைத் தட்டித்தான் பூசைக்குச் சமிக்ஞை. அந்த இரண்டு நாளில் சந்தில் ஏதோ ஒன்று குறைகிறது என்று கிறிஸ்தவர் அல்லாத வீடுகளிலும் உணர்வார்கள். “இன்னும் மணி வரலியே” என்று மாமி கேட்பார். சனிக்கிழமை நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால், விளக்கெல்லாம் அணைத்து, கையில் மெழுகுவர்த்தியோடு ஊரே நின்றுகொண்டிருக்க, திடீரென்று எல்லா மணியும் ஒன்றாக அடிக்கும். அதை எழுதத் தெரியவில்லை.

இங்கே மணி நின்றால் எனக்குத் தெரிவதில்லை.

சாந்தோமைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள் அதன் உயரத்தைச் சொல்வார்கள், 155 அடிக் கோபுரம். ஆனால் அது காட்டுக்கோயிலுக்கு இளையது. போர்ச்சுகீசியர் 1523 வாக்கில் கட்டிய பழைய கோயிலை 1893-ல் இடித்துவிட்டு, ஆயர் ஹென்றிக் ரீட் த சில்வா காலத்தில் இப்போதிருக்கிற வெள்ளைக் கோயிலை எழுப்பி 1896-ல் மந்திரித்தார்கள். கூரான வளைவுகள், வண்ணக் கண்ணாடி, இங்கிலாந்தில் அப்போது பழைய பாணியைத் திரும்பக் கொண்டுவந்த மோகத்தில் எழுந்த கட்டடங்களின் சாயல். நாரிச்சில் எந்த மூலையில் இறக்கி வைத்தாலும் பொருந்திவிடும். ஆயாவின் ஆயா பழைய கோயிலைப் பார்த்தவளாம். புதுக்கோயில் உசரமாத்தான் இருக்கு, அந்தக் கோயில் மாதிரி வருமா என்று சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாளாம். இந்த ஏக்கம் எங்கள் வீட்டுச் சொத்து போலிருக்கிறது. நகை நட்டு என்று ஒன்றும் வரவில்லை, இது வந்திருக்கிறது.

கோயிலுக்கு அடியில் தோமையார் கல்லறை. 1292 வாக்கில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, யாத்திரிகர்கள் இங்கிருந்து செம்மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல்காரருக்குக் கரைத்துக் கொடுப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். கிறிஸ்தவரோடு முசல்மான்களும் கும்பிட்ட இடம் என்றும். அவர் அதை எழுதும்போதே எலும்புகள் பெரும்பாலும் இங்கில்லை. முதலில் எதெஸ்ஸாவுக்குப் போய், 1258 முதல் இத்தாலியில் ஒர்த்தோனா என்கிற கடற்கரை ஊரில் இருக்கின்றன. ஒரு சின்ன எலும்புத் துண்டும் ஈட்டி முனையும்தான் எங்களுக்கு. அதாவது ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக மயிலாப்பூர் ஜனம் முட்டி போட்டது, ஆள் கிளம்பிப் போய்விட்ட ஓர் இடத்தின் முன்னால். சின்ன வயதில் இதைப் படித்திருந்தால் ஏமாற்றமாக இருந்திருக்கும். இப்போது அப்படித் தோன்றவில்லை.

இழந்தவர்கள் நாங்கள் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. கபாலீசுவரர் கோயில் ஒரு காலத்தில் கடற்கரையில் இருந்தது. அலை வந்து மோதுகிற மயிலையைத்தான் பழைய பாட்டுக்காரர்கள் பாடியிருக்கிறார்கள். போர்ச்சுகீசியர் காலத்தில் அது அழிந்தது என்பது மயிலாப்பூரில் வீட்டுக்கு வீடு தெரிந்த கதை. அந்தப் பழைய கோயிலின் கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோம் வளாகத்திலேயே கிடைத்திருக்கின்றன. இப்போது குளத்தங்கரையில் இருப்பது முந்நூறு சொச்சம் வருஷத்துக் கோயில். அப்புறம் சாந்தோமை 1662-ல் கோல்கொண்டா படை பிடித்தது, 1672-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், இரண்டே வருஷத்தில் அவர்களும் போனார்கள். இதையெல்லாம் நான் இந்த ஊருக்கு வந்தபின், நூலகத்தில் உட்கார்ந்துதான் படித்தேன். அங்கே இருந்த காலத்தில் யார் படித்தார்கள்? பங்குனியில் அறுபத்துமூவர் அன்று ஆயா வாசலில் மோர்ப்பானை வைக்கும். கறிவேப்பிலை, இஞ்சி, பெருங்காயம், மேலே ஈரத்துணி. நாயன்மார் பல்லக்குப் பார்க்க வருகிறவர்களுக்குப் பித்தளைச் சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றும். கழுத்தில் ஜெபமாலை தொங்கும். இடித்தது யார், இடிபட்டது எது என்று அந்த மோரை வாங்கிக் குடித்தவர்களும் கேட்கவில்லை. கேட்பதற்கு இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். மோர்ப்பானை இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம். அது ஒரு தனிப் பாடு.

மூன்று மணிக்குத் தண்ணீர் காய்ந்துவிடும். தலைக்குக் குளித்து, சாம்பிராணி காட்டி, இறுக்கிப் பின்னி, பின்னல் முனையில் மல்லிச்சரம். ஆயாவுக்கு வெள்ளைச் சேலை, கரை மட்டும் நீலம். சந்து முனையில் தொடங்கி லஸ் வரை நடந்தே போவோம். வழியெல்லாம் நின்று நின்று போகும் ஆயா. தையல்கடைக்காரர் மகளுக்கு வரன் வந்ததா, மருந்துக்கடை அண்ணனுக்கு முட்டிவலி தேவலையா. கோயிலுக்குள் போனால் ஏற்கெனவே கூட்டம். அதில் பாதிப்பேர் பொட்டு வைத்தவர்கள். பரீட்சைக்குப் போகிற பையனைக் கூட்டிவந்த அம்மா, தொட்டில் கட்ட நேர்ந்துகொண்டவள், சும்மா அஞ்சு நிமிஷம் ஃபேனுக்கடியில் உட்கார வந்த மீன்காரம்மா. மெழுகு உருகுகிற வாசனையும் கனகாம்பரமும் வேர்வையும் சேர்ந்து ஒரு வாசனை. பூசை முடிந்து திரும்பும்போது ஆயாவுக்கு மனசு நல்லபடி இருந்தால் மாட வீதி பக்கம் திரும்பிக் காளத்தி கடையில் ஒரு ரோஸ் மில்க். இல்லாவிட்டால் நேரே வீடு. கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த வாரமும் கிடையாது.

இப்போது அங்கே மாலை 6 மணி என்றால், இங்கே கோடையில் மதியம் ஒன்றரை. நம்மூர்ப் பூசையைப் போனிலேயே பார்க்க முடிகிறது. அலுவலகச் சாப்பாட்டு மேசையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பார்க்கிறேன். சாமியார் முகம் தெளிவாகத் தெரிகிறது. அங்கே இருந்தபோது தூணுக்குப் பின்னால் நின்று பாதி முகம்தான் பார்த்திருக்கிறேன். பிரசங்கத்தில் ஒரு வார்த்தை தவறுவதில்லை. ஆனால் பக்கத்தில் இருமுகிறவர் யாரும் இல்லை. கைக்குழந்தை அழவில்லை. பின்னால் நிற்கிறவளின் முழங்கை இடிக்கவில்லை. உங்களில் சிலரும் இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு மேசையில். கபாலி தேரையோ, உங்கள் ஊர்க் கொடையையோ, கந்தூரியையோ. படம் நின்று சுற்ற ஆரம்பிக்கும்போது வருகிற அந்த எரிச்சல் இணையத்தின் மேல் மட்டும்தானா?

ஆயாவின் குரலை எழுதாமல் இந்தக் குறிப்பு தீராது.

அது பாடுகிற குரல் இல்லை. கரகரப்பு. வெற்றிலை போட்ட குரல். ராத்திரி எட்டு மணிக்கு ஜெபமாலை. ஆயா முன்பாதி சொல்லும், நாங்கள் பின்பாதி. பரலோக மந்திரத்தை நிதானமாகத் தொடங்கி, அருள் நிறைந்த மந்திரம் பத்தையும் ஒரே ஓட்டமாக ஓட்டும்; ஒவ்வொன்றின் கடைசிச் சொல்லும் இழுபட்டு அடுத்ததின் முதல் சொல்லோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். நடுவில் மூச்சு வாங்குகிற இடத்தில் வீட்டு நிர்வாகமும் நடக்கும். “பாலு பொங்குது பாரு.” மறுபடி மந்திரம். “கதவ யாரு தொறந்து வெச்சது, கொசு வருது.” மறுபடி மந்திரம். மணி ஒன்றுகூடத் தவறாது. வத்திக்கான் சங்கம் கூடிப் பூசையெல்லாம் தமிழுக்கு மாறியபின்னும், சாவு வீட்டில் மட்டும் சின்ன வயதில் கேட்டுப் பழகிய லத்தீனில்தான் முணுமுணுக்கும். அர்த்தம் கேட்டால், “எனக்கு எதுக்கு, அவருக்குத் தெரியும்” என்று விட்டத்தைக் காட்டும்.

சாந்தோம் கோயிலுக்குப் பின்னால், கடலுக்குப் போகிற வழியில் ஒரு கம்பம் நிற்கிறது. தோமையார் நட்டது, அதைத் தாண்டிக் கடல் வராது என்பது நம்பிக்கை. ஆயாவுக்கு அதில் சந்தேகமே கிடையாது. எனக்கு அதில் நம்பிக்கையே கிடையாது. படித்த திமிரில் நான் எதையாவது கேட்க, “வந்துச்சா? இதுவரைக்கும் வந்துச்சா? சொல்லு” என்று கட்டை விரலை ஆட்டும். 2004-ல், கிறிஸ்துமசுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் குப்பத்துக்குள் வந்தது. கோயிலுக்குள் வரவில்லை. அப்போது ஆயா இல்லை. இருந்திருந்தால் அதையே வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி என்னை மடக்கியிருக்கும். கரையில் பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குக் கம்பம் என்ன செய்தது என்று நானும் கேட்டிருப்பேன். ஆயா சட்டென்று பதில் சொல்லியிருக்காது. வெற்றிலையை மடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்துவிட்டு, என்னமோ ஒன்று சொல்லியிருக்கும். அது என்னவாக இருக்கும் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஆயாவின் குரலில் எனக்கு எல்லாம் வருகிறது, அது மட்டும் வரவில்லை.

ஆகஸ்ட் கடைசி வந்தால் கால் ஊறும். ஆகஸ்ட் 29-ஆம் தேதி பெசன்ட் நகர் மாதா கோயிலில் கொடியேற்றம், செப்டம்பர் 8 திருநாள். 1972-ல் எழுந்த கோயில், பழசு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் காவிச் சேலை, காவி வேட்டி கட்டி, வடசென்னையிலிருந்தெல்லாம் நடந்தே வருகிற ஜனம் எங்கள் பக்கமாகப் போகும்போது, வீட்டில் யாருக்கும் தரையில் கால் தங்காது. மந்தைவெளி வழியாக, அடையாறு திரு.வி.க. பாலத்தின் மேல் ஆற்றுக் காற்றில் சேலை படபடக்க, யாரோ முன்னால் ஜெபமாலை சொல்ல, யாரோ பின்னால் டிரம்செட் அடிக்க, இளைஞர்கள் தண்ணீர்ப் பாக்கெட்டை வீச, பாதம் கொப்புளம் கண்டு, கடற்கரை மணலில் போய் விழுந்து கிடக்கிறபோது, பக்தியா திருவிழாவா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று. திரும்பிவர 29சி. நிற்க இடம் இருக்காது. நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன்.

இங்கே ஆகஸ்ட் கடைசியில் வங்கி விடுமுறை. பூங்காவில் நல்ல வெயில்.

அக்கா அங்கேயே இருக்கிறாள். எங்கள் சந்து வீடு இப்போது நாலு மாடி, தரைத்தளத்தில் கார்கள். லஸ் முனையை மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்டதில் ரோடு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை என்கிறாள். பூமிக்கடியில் இரண்டு பாதைகள் குறுக்கிடுகிற நிலையமாம், வெகு ஆழம். ஐந்நூறு வருஷத்துச் சுவருக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டேன். “சுவரப் பத்தி கவலப்படறியே, நான் ரோடு தாண்ட முடியாம நிக்கறேன், அதக் கேக்க மாட்டியா” என்று சிரித்தாள். அவளுக்குக் காட்டுக்கோயில் என்பது தினசரி போக்குவரத்துத் தொல்லையின் நடுவில் இருக்கிற ஒரு கட்டடம். ஏங்குகிற வேலையை என்னிடம் விட்டுவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் போகிறாயா என்றால், நேரம் எங்கே இருக்கு என்கிறாள். எனக்கு இங்கே நேரம் இருக்கிறது.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மட்டும் தவறாமல் போய்விடுவாள். ஆயா குவிபிள் தீவுக் கல்லறையில் இருக்கிறது. தீவு என்பது பேருக்குத்தான். ஒரு வாரம் முன்பே போனில் பணம் அனுப்பிவிடுவேன். சுண்ணாம்பு அடிக்க, செடி பிடுங்க, பெயருக்குக் கறுப்புப் பெயின்ட், சம்பங்கி மாலை, மெழுகுவர்த்தி ஒரு கட்டு. போன தடவை அவள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுண்ணாம்பு நன்றாக அடித்திருக்கிறார்கள். மாலையும் புதுசு. பெயின்டர் ஆயா பேரில் ஒரு எழுத்தை மாற்றி எழுதிவிட்டார். அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாதே, அது ஒன்னும் கோவிச்சுக்காது என்றாள். அடுத்த நவம்பருக்குள் சரி பண்ணச் சொல்லியிருக்கிறேன். தனியாக ஒரு எழுத்துக்கு எவ்வளவு கேட்பார் என்று விசாரித்துச் சொல்கிறேன் என்றாள், இன்னும் சொல்லவில்லை.